விடிகாலைக் கனவு பலிக்குமா, அண்ணே?

குடியை நிறுத்தியவரிடம் குடியைப் பற்றிக் கேட்காதே, ராத்திரியைப் பற்றிக் கேள். அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. “நேத்து ராத்திரி எப்படிப் போச்சு?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். குடித்தாயா இல்லையா என்று வீட்டிலும் வேலையிடத்திலும் அவரை ஓயாமல் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும். ராத்திரியைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் யோசிப்பார், தலையைக் குனிவார், பிறகு உள்ளதைச் சொல்வார்: “கண்ணே மூடல அண்ணே.”

பகலில் சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். நானும் குடியிலிருந்து வந்தவன்தான். நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. அண்ணன் நிறுத்தி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. தமிழ் பேசுகிறவர்கள் குடியை விட்ட முதல் மாதங்களில் அவர்களோடு கூட உட்காருவதை அவர் ஒரு வேலையாகவே செய்துவருகிறார். சம்பளம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அவர் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடொருவர் பேசியதில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்திலிருந்து வந்த வழக்கம் அது. அவருடைய இந்த வேலையைத்தான் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். இது தொழிலா என்று சிலர் கேட்கிறார்கள். செய்து முடித்துக் கையில் எடுத்துக் காட்ட இதில் ஒன்றும் இல்லை. ஆனால் எப்போது பேசுவது, எப்போது கோப்பிக் குவளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது, எந்தக் கேள்வியை எந்தக் குரலில் கேட்பது என்பதெல்லாம் ஒருவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடுகிறது.

இந்த வேலைக்கென்று இங்கே ஒரு நேரமும் அமைந்திருக்கிறது. 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2015 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்க முடியாது, கடையில் வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. அந்தச் சாலை இருக்கும் தேக்கா வட்டாரத்தில் சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவே தடை. குடியை விட்ட புதிதில் ஒருவருடைய சாயங்காலம் முழுக்க அந்தப் பத்தரை மணியை நோக்கியே போகும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று உடம்பு கணக்குப் போடும். அதனால் அண்ணன் ஒன்பது மணிக்குக் கோப்பிக்கடைக்கு வந்துவிடுவார். பத்தரை தாண்டிய பிறகு கூடவே நடப்பார். டிர்விட் சாலை, கிச்னர் சாலை, சையது அல்வி சாலை என்று சுற்றி, அந்த மனிதர் வீடு இருக்கும் புளோக் வரை போய் விட்டுவிட்டு வருவார். அதற்குப் பிறகு அந்த மனிதருக்குப் படுக்கை இருக்கிறது. அதுதான் பெரிய சோதனை.

ஏன் தூக்கம் வருவதில்லை என்பதை விளக்கிச் சொல்ல நான் கற்றாக வேண்டியிருந்தது. காரணம் தெரியாதவர், ‘குடி இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது, நான் பிறந்ததே அப்படி’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார். மூளையில் தணிக்கும் வேலையைச் செய்யும் ரசாயனம் காபா. தூண்டும் வேலையைச் செய்வது குளூட்டமேட். மது முதலாவதற்குத் துணை போகிறது, இரண்டாவதை அடக்குகிறது. நாள் தவறாமல் குடித்தால் மூளை தன்னைச் சரிக்கட்டிக்கொள்கிறது. தணிப்பைக் குறைத்துத் தூண்டலை ஏற்றி வைக்கிறது. மது திடீரென்று நின்றதும் ஏற்றி வைத்த தூண்டல் மட்டும் மிஞ்சுகிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, விழிப்பு எல்லாம் அதிலிருந்து வருகின்றன.

பல ஆண்டுகள் தினமும் குடித்தவர், மருத்துவர் துணையில்லாமல் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்து 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு குழம்பி, சுவரில் பூச்சி ஓடுவதாகவும் ஆட்கள் நிற்பதாகவும் தெரியும். ஆகவே புதிதாக வருகிறவரிடம் ராத்திரியைப் பற்றிக் கேட்பதற்கும் முன்னால் அண்ணன் ஒன்று கேட்பார்: “டாக்டரப் பாத்தாச்சா?” இல்லை என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். டாக்ஸி பிடிப்பார். புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தில் 2008 முதல் போதைச் சிகிச்சைக்கென்று நாம்ஸ் என்ற தேசியப் பிரிவு இருக்கிறது. அங்கே கூட்டிக்கொண்டு போவார். நடுக்கம் அதிகமாக இருந்தால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு. இந்த இடத்தில் அவர் காட்டும் கண்டிப்பை நான் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் வாரம் தாண்டிய பிறகும் தூக்கம் திரும்புவதில்லை. வாரங்கள், பலருக்கு மாதங்கள் ஆகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிர்க் பிரவரும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு வந்த 172 குடிநோயாளிகளில் 61 விழுக்காட்டினருக்குத் தூக்கமின்மை இருந்தது. அவர்களில் தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களைப் பார்த்தபோது, தூக்கமின்மை இருந்தவர்களில் 60 விழுக்காட்டினர் மறுபடி குடிக்குப் போயிருந்தார்கள். நன்றாகத் தூங்கியவர்களில் 30 விழுக்காட்டினர். தூக்கத்தைப் பற்றி அண்ணன் ஏன் இவ்வளவு கேட்கிறார் என்பது இந்த எண்களைப் படித்த பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கியது. “குடிக்கலைல்ல, அது போதும், தூக்கம் தானா வரும்” என்று ஒருவரை அனுப்பிவிடுவது அவரைப் பாதி வழியில் இறக்கிவிடுவதுதான்.

கோப்பி விஷயம் சின்னது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். குடியை விட்டவரின் கை ஒரு குவளையைத் தேடும். கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் கோப்பி-ஓ மேல் கோப்பி-ஓ போகும். நம் ஊர்க் கோப்பி பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டையில் போடுவது. அராபிகாவைவிட அதில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அண்ணன் பார்லியோ மைலோவோதான் சொல்வார். கூட இருப்பவரும் அதையே சொல்லத் தொடங்குவார். அறிவுரை தேவைப்படுவதில்லை. சிகரெட்டை மட்டும் அப்படி விட வைக்க முடிவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டையும் பிடுங்கினால் ஆள் கைவிட்டுப் போவார் என்று அண்ணன் பயப்படுகிறார். நிகோட்டினும் விழிக்க வைக்கும் சரக்குதான் என்பதால் எனக்கு அதில் இன்னும் மனம் ஒப்பவில்லை.

படுக்கை விதிகள்தான் எனக்குப் பெரிய பாடமாக இருந்தன. தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாத சிகிச்சை ஒன்று உண்டு. அதன் முக்கியமான பகுதியை 1972இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் வகுத்தார். தூக்கம் வந்தால் மட்டும் படு. இருபது நிமிடம் போலப் புரண்டும் வரவில்லையா, எழுந்து வேறு அறைக்குப் போ. வந்தால் திரும்பி வா. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்திரு. பகலில் தூங்காதே. படுக்கை என்றால் விழித்திருந்து வேதனைப்படும் இடம் என்று பழகிப்போன உடம்பை, படுக்கை என்றால் தூங்கும் இடம் என்று மறுபடி பழக்குவதே இதன் நோக்கம். படிக்கும்போது எளிதாக இருக்கிறது. ‘வேறு அறைக்குப் போ’ என்ற இடத்தில் நான் நின்றேன். எங்களிடம் வருகிறவர்களுக்கு வேறு அறை ஏது?

ஒருவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஓரறை வாடகை வீட்டில் இருக்கிறார். தனியாட்கள் இருவரை ஒரே வீட்டில் சேர்த்து வைக்கும் திட்டம் அது. முன்பின் தெரியாத முதியவர் ஒருவர் இரண்டு முழத் தூரத்தில் படுத்திருப்பார். இன்னொருவர் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதியில், இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில். புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்திருக்கிறது. 12 பேராகவே இருந்தாலும் எல்லாரும் விடிவதற்கு முன் எழுந்து லாரி ஏற வேண்டியவர்கள். அந்த இருட்டில் ஒருவர் ஏணியில் இறங்கினால் நாலு பேர் விழிப்பார்கள்.

அண்ணன் ஒவ்வொருவருக்கும் அவரவர் இடத்தைப் போய்ப் பார்த்து, அல்லது காகிதத்தில் வரையச் சொல்லி, ஒரு ‘வேறு அறை’யைத் தேடிக் கொடுப்பார். வாடகை வீட்டுக்காரருக்கு வாசலுக்கு வெளியே காரிடாரில் ஒரு முக்காலி. மேல்தட்டுக்காரருக்கு இறங்கவே வேண்டாம்: தலைமாட்டை விட்டுக் கால்மாட்டுக்கு நகர்ந்து, சுவரில் முதுகு சாய்த்து உட்கார வேண்டும். போனை எடுக்கக் கூடாது. கண் சொக்கும்போது திரும்பத் தலைமாட்டுக்கு வர வேண்டும். இது சரிதானா என்று ஒரு மருத்துவரிடம் கேட்டுப் பார்த்தேன். படுத்திருப்பதும் விழித்திருப்பதும் உடம்புக்கு வேறுவேறாகத் தெரிந்தால் சரி என்றார். ஒரு விதியை அதன் சொல்லுக்காகப் பிடித்துக்கொள்ளாமல், அது எதற்காக வந்ததோ அதைப் பிடித்துக்கொள்ள அன்று கற்றேன்.

எல்லாரிடமும் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கும். காலையில் எழுந்ததும் எழுத வேண்டும்: எத்தனை மணிக்குப் படுத்தேன், சுமாராக எப்போது தூங்கியிருப்பேன், எத்தனை தடவை விழித்தேன், எப்போது எழுந்தேன். ராத்திரியில் கடிகாரம் பார்க்கக் கூடாது. மணி பார்த்தால் மனம் கழித்தல் கணக்குப் போடும். ‘ஒரு பொட்டு தூங்கல’ என்று சொல்கிறவரின் நோட்டில் பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத் தூக்கம் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. விழித்திருந்த நேரம் மட்டுமே அவர் நினைவில் நிற்கிறது. சில வாரம் கழித்துப் பழைய பக்கங்களைத் திருப்பிக் காட்டும்போது அவருடைய கையெழுத்தே அவருக்குத் தைரியம் சொல்லும்.

இனிக் கனவுக்கு வருகிறேன். இந்த வேலையில் என்னை மிகவும் ஆட்கொண்டது அதுதான்.

குடியை விட்டவர்களுக்குக் குடிப்பது போலக் கனவு வரும். பலருக்கும் வரும். வாயில் பீர் ருசிக்கும், தலை கிறுகிறுக்கும், யார் கண்ணிலோ பட்டுவிட்டோம் என்று உடம்பு வியர்க்கும். விழித்ததும் உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதி மோந்து பார்ப்பார்கள். கட்டிலுக்கு அடியில் போத்தல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். நான் விசாரித்தவரை இந்தக் கனவு அநேகமாக நாலு மணிக்கு மேல்தான் வருகிறது. விடிகாலைக் கனவு பலிக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எந்த யாமத்துக் கனவு எவ்வளவு காலத்தில் பலிக்கும் என்று கணக்குச் சொல்லும் கனா நூலே தமிழில் உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனாவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். அந்தக் காதைக்கே கனாத்திறம் உரைத்த காதை என்று பெயர். அவள் கண்டது அப்படியே நடந்தும்விடுகிறது. இந்த நம்பிக்கையில் ஊறிய ஒருவர் விடிகாலை ஐந்து மணிக்குச் சாராய ருசியோடு விழித்தால், அன்றைக்கு அவர் தெருவில் இறங்கவே நடுங்குவார். சிலர், எப்படியும் பலிக்கப் போகிறது, இன்றைக்கே குடித்துவிடலாம் என்று போயும் இருக்கிறார்கள்.

அந்தக் கனவு அந்த நேரத்தில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக நடக்கிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம்; விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீளும். ஆகவே நினைவில் நிற்கும் கனவு எதுவாக இருந்தாலும் விடிகாலையில் வரத்தான் வாய்ப்பு அதிகம். அதோடு, மது கனவுத் தூக்கத்தை அமுக்கி வைக்கிறது. பல ஆண்டுகள் அமுங்கிக் கிடந்தது, மது நின்றதும் பெருகிக்கொண்டு வருகிறது. தெளிவாக, நிறத்தோடு, ருசியோடு வருகிறது. மூளை தேறிவருவதன் ஒரு பகுதிதான் இது. இதை நிதானமாகச் சொன்னாலே பாதிப் பேருக்கு முகம் தெளிந்துவிடுகிறது.

அண்ணன் கனவைக் கேட்கும் முறை தனி. முழுவதையும் சொல்லி முடிக்க விடுவார். இடையில் ‘வெறும் கனவுதானே’ என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். பொருள் சொல்லவும் மாட்டார். முடிந்த பிறகு ஒன்று கேட்பார்: “முழிச்சதும் முதல்ல என்ன தோணுச்சு?” அப்பாடா, குடிக்கவில்லை என்று தோன்றியதா, சே, கனவு இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாமே என்று தோன்றியதா? முன்னது என்றால் அந்த மனிதருக்குள் குடியை வேண்டாம் என்று சொல்லும் ஓர் ஆள் தூக்கத்திலும் விழித்திருக்கிறார் என்று அர்த்தம். பின்னது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அன்று அவரைத் தனியே விடக் கூடாது. சம்பளம் போட்ட நாளா, எந்தக் கடை வழியாக வீட்டுக்குப் போவார், யார் கூட வருவார் என்று பார்க்க வேண்டும்.

நான் முதல்முதலாகத் தனியாகக் கேட்ட கனவு போனில் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர், கட்டுமான வேலை. இன்னும் வெளிச்சம் வரவில்லை. “பலிக்குமா, அண்ணே?” என்பதுதான் முதல் சொல். கனவைச் சொல்லச் சொன்னேன். ஊரில் பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குடிக்கிறாராம். கூட யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். அப்பா இருந்தாராம். ஊற்றிக் கொடுத்ததே அப்பாதானாம். அவருடைய அப்பா குடியாலேயே செத்தவர். அப்போது இவர் சிங்கப்பூரில் இருந்தார், போக முடியவில்லை. அதற்குப் பிறகு லாரி வரும்வரை அப்பாவைப் பற்றித்தான் பேசினார். நான் பேசிய சொற்கள் மிகக் குறைவு. பலிக்குமா என்ற கேள்வி மட்டும் பதில் இல்லாமலே நின்றது.

அன்று ராத்திரி அண்ணன் முன்னால் அவர் அதை மறுபடி கேட்டார். அண்ணன் நம்பிக்கையோடு சண்டை போடவில்லை. “பலிக்கும்னே வச்சுக்குவோம் தம்பி. கனவு முடியிறப்ப என்ன ஆச்சு?” “முழிச்சிட்டேன், அண்ணே.” “அப்ப அதுதான் பலிச்சிருக்கு.” அந்த இளைஞர் சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறிவியலை எல்லாம் விளக்கிக்கொண்டிருந்த எனக்கு, ஒருவர் நிற்கும் இடத்திலேயே போய் நின்று கை கொடுப்பது எப்படி என்று அன்று தெரிந்தது.

கனவைவிடக் கடினம் விழித்திருக்கும்போது வரும் நினைப்பு. ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு வரும். வாங்கிய கடன், கை நீட்டி அடித்த நாள், பிள்ளையின் பள்ளிக்குப் போகாத நாள், போன வேலை. போ என்று விரட்டினால் போகாது. 1987இல் டேனியல் வெக்னர் ஒரு சோதனையில் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று சொன்னபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. குடி வேண்டும் என்ற வெறியும் அப்படித்தான். அமுக்காமல், அதன் பின்னால் போகாமல், உடம்பில் எங்கே தெரிகிறது, நெஞ்சிலா தொண்டையிலா என்று கவனித்துக்கொண்டே இருந்தால் அது ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். அலன் மார்லட் என்ற உளவியலாளர் இதை ஒரு பயிற்சியாகவே வகுத்தார். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிறது.

ஆனால் கடன் நினைப்பு வெறியைப் போன்றதல்ல. கடன் நிஜம், அடித்ததும் நிஜம். ‘அதெல்லாம் வெறும் நினைப்பு’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அண்ணன் அதற்கு நேரம் ஒதுக்குவார். சாயங்காலம் சாப்பிட்ட பிறகு அரை மணி, நோட்டின் பின்பக்கத்தில் எழுத வேண்டும்: யாருக்கு எவ்வளவு, நாளைக்கு அதில் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் என்ன. ராத்திரி அது வந்து நின்றால் மெதுவாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும், “எழுதி வச்சாச்சு, நாளைக்குச் சாயங்காலம் பாக்குறேன்.” இதைச் செய்தவர்களுக்குத் தூக்கம் உடனே வந்துவிடவில்லை. ஆனால் படுக்கையில் கிடந்து தன்னையே திட்டிக்கொள்வது குறைந்தது என்று அவர்களே சொன்னார்கள்.

சில நினைப்புகள் என் கையில் நிற்பவை அல்ல. “செத்துடலாம்னு தோணுதா?” என்று குரல் நடுங்காமல் கேட்க நான் பழக வேண்டியிருந்தது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் வீண். கேட்பதால் அது உண்டாவதில்லை, பலருக்கு நெஞ்சு இறங்குகிறது. ஆமாம் என்று பதில் வந்தால் அவரை விட்டு நகரக் கூடாது. தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767, மனநலக் கழகத்தின் 6389 2222 இரண்டையும் இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. தூக்க மாத்திரையும் இந்த வரிசையில்தான் வரும். கூட இருப்பவர் இரக்கப்பட்டுத் தன் மாத்திரையில் ஒன்றைக் கொடுப்பார். அந்த மாத்திரைகளில் பல, மது வேலை செய்யும் அதே காபாவின் மேல்தான் வேலை செய்கின்றன. புதிய அடிமைத்தனத்துக்கு வழி அது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே நிற்கலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மட்டும்.

சமீபத்தில் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் குடியை விட்டு மாதங்கள் ஆகின்றன, நோட்டில் ஆறு மணி நேரத் தூக்கம் எழுதுகிறார். தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவியிடம், ஏனோ, “நீங்க எப்படித் தூங்குறீங்க, அக்கா?” என்று கேட்டேன். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்றார். அவருக்கு இப்போதும் ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வருகிறது. பதினைந்து வருஷம் கதவில் சாவி திரும்பும் சத்தத்துக்காகக் காத்திருந்த காது. கணவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அது கேட்டுக்கொண்டே இருக்கிறதாம்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சென்னையைப் பற்றிச் சொன்னார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் அங்கே தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் டிடிகே மருத்துவமனையில், நோயாளிக்குப் போலவே வீட்டாருக்கும் தனியாகச் சிகிச்சைத் திட்டம் உண்டு. “நம்ம கிட்ட அது இல்ல. நீ ஆரம்பி” என்றார். அந்த அக்காவுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வீட்டில் கேட்கப் போகிறேன். பெண்களிடம் பேச ஒரு பெண் இருந்தால் நல்லது என்பதால், குடியை விட்ட ஒரு அக்காவை வரும் ஞாயிற்றுக்கிழமை கோப்பிக்கடைக்கு வரச் சொல்லியிருக்கிறோம். அவருக்கு இந்த வேலையைப் பழக்கும் பொறுப்பை அண்ணன் என்னிடம் விட்டிருக்கிறார்.